தணிக்கைத் தடை எண் 14-க்கு விளக்கம்

ஐயா,
மார்கழி, தை இரண்டு மாதமும்
மணல், உமிச்சாம்பல் வகையில்
ரூபாய் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது
ஏற்கத்தக்கதல்ல என்று சிவப்பில் சுழித்து
ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள்:
இவ்வூரில் பனிக்கட்டியா பெய்கிறது?

பெய்யறதில்லீங்க.
உறைகிறது.
காங்கேயம் ரோடு நெடுக
செக்கும் ஆலையும் லாரியும்
அறுபது வருசமாகச் சிந்திய தேங்காயெண்ணெய்.
பகலில் தார் அதைக் குடித்துக்கொண்டு
ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும்.
விடியக்காலம் குளிர் இறங்கினால்
தங்கள் வீட்டு அலமாரிப் பாட்டிலில் நடப்பது
எங்கள் ரோட்டில் நடக்கும்.
வெள்ளையாக ஒரு மெல்லிய தோல்.
அதன்மேல் பனி.
கால் வைத்தால்
ஆள் ஒருபக்கம், தூக்குப்போசி ஒருபக்கம்.

பழைய பதிவேட்டில் முதல் வரி
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று:
"வழுக்கலுக்கு ஆற்று மணல், வண்டி இரண்டு."
முந்தின பக்கம் பசையாய் ஒட்டிக்கிடந்தது.
பிரித்தேன்.
பால்கார நாச்சிமுத்து இடுப்பெலும்புக்கு
பஞ்சாயத்துத் தந்த இருபத்தைந்து ரூபாய்.

மணலை லாரி டயர் ஓரம் தள்ளியது.
சாம்பலைக் கண்டுபிடித்தது யாரென்று பதிவேட்டில் கிடையாது.
அரிசி ஆலையில் உலைக்கு உமி தள்ளிய மாரக்காள்
பாத்திரம் தேய்க்க ஒரு சட்டி அள்ளிப் போனவள்
கோயில் வளைவில் விழுந்தாள்.
சட்டி உடைந்தது.
அவளுக்குப் பிறகு அன்றைக்கு
அந்த வளைவில் ஒருத்தரும் விழவில்லை.
இதற்கு ரசீது இல்லை.
அவள் மகன் சொன்னார்,
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து
மறுபடியும் அதையே சொன்னார்.

எழுபத்தெட்டில் ஒரு தலைவர்.
வெளிநாட்டில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்களென்று
எங்கோ படித்துவிட்டு
நாற்பது மூட்டை கல்லுப்பு இறக்கினார்.
விடிந்து பார்த்தால் நடுரோட்டில்
கயிறு அறுத்த மாடுகள்,
பின்னாலேயே ஒரு பட்டி செம்மறி.
ஊரெல்லாம் ஒரே நக்கல்.
கரூர் பஸ் ஒன்பது மணிவரை நகரவில்லை.
"ஆரன் அடிச்சும் ஒண்ணும் தலைதூக்கலீங்க" என்று
டிரைவர் எழுதித் தந்த கடிதம் கோப்பில் இருக்கிறது.
அந்த உப்புக்கு அன்றைய தணிக்கை
தடை எழுதவில்லை என்பதைப்
பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

பைபாஸ்தான் வந்துவிட்டதே என்பீர்கள்.
டேங்கர் போய்விட்டது. எண்ணெய் போகவில்லை.
நாலரைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி வேன்.
ஈரத்தலையோடு ஓடுகிற பிள்ளைகளை
ஓடாதே என்று சொல்லலாம்;
ஒரு நிமிசம் பிந்தினால் அரைநாள் சம்பளம்
யார் தருவது?

விபத்துப் பட்டியல் கேட்டீர்கள்.
நான்கு வருசமாக அது காலி.
ஆகவே செலவு தேவையற்றது என்பது தங்கள் முடிவு.
விழாதவர்களிடம் கையெழுத்து வாங்க
எனக்கு வழி தெரியவில்லை.

தடை வந்த மறுநாள்
சாம்பலை நிறுத்தச் சொன்னது நான்தான்.
எழுதியே கொடுத்தேன். நகல் இணைப்பில்.
மூன்றாம் நாள் மோகனப்பிரியா,
பீஸ் மடிக்கும் பிரிவு, வயது பத்தொன்பது.
மணிக்கட்டு. வலது.
பட்டியலில் இப்போது ஒரு பெயர் இருக்கிறது.
தங்களுக்கு அது போதுமா
என்று அறிய வேண்டுகிறேன்.

நாலாம் நாளிலிருந்து மறுபடி போடுகிறோம்.
மூன்றரை மணிக்கு ஒப்பந்தப் பணியாளர் வேலாத்தாள்
வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்.
சாம்பல் வண்டிக்குப் பின்னால்தான் விழும்.
அவர் கால் படுவதெல்லாம்
இன்னும் சாம்பல் விழாத ரோடு.

ஆகவே இத்துடன் புதிதாக ஒரு செலவும் சேர்க்கிறேன்:
அடி தேயாத ரப்பர் செருப்பு, ஒரு ஜோடி.
அளவு ஆறு.
இடது பெருவிரல் பக்கம்
கொஞ்சம் அகலம் வேண்டுமாம்.